நடை சாத்தும் நேரம்

பட்டப்பகலில் கட்டிலில் படுத்திருக்கிறவனைப் பார்த்து நம் ஊரில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என்ன, உடம்பு சரியில்லையா?" ஆமாம் என்றால் மிளகு ரசம் வரும். இல்லை என்றால் ரேஷன் கார்டும் பையும் வரும். "உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அசதியாக இருக்கிறது, படுத்திருக்கிறேன்" என்று மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. அதைச் சொல்லித் தப்பியவர் எங்கள் வம்சத்தில் யாரும் இல்லை.

அம்மா கும்பகோணத்துக்காரர். புறங்கையை என் நெற்றியில் வைப்பார், கழுத்தில் வைப்பார், "சுடவேயில்லையே" என்பார். அந்தக் குரலில் நிம்மதி இருக்காது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்ட திருப்திதான் இருக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதுதான் எங்கள் உச்ச நீதிமன்றம். 98.4 என்றால் எழுந்துவிட வேண்டும். 100 என்றால் ராஜ உபசாரம்: கஞ்சி, சுட்ட அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய், டிவி ரிமோட் மீது முழு உரிமை. 99 என்பது இழுபறி. படுத்துக்கொள்ளலாம், ஆனால் போன் அடித்தால் எடுக்க வேண்டும். அசதிக்குத்தான் டிகிரி கணக்கு இல்லை. அதனால் அது வழக்குப் பட்டியலிலேயே வருவதில்லை.

இந்த விஷயத்தில் உலக சுகாதார நிறுவனமும் அம்மா பக்கம்தான் என்று தெரிந்தபோது எனக்கு மிகுந்த வருத்தம். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் மாடாய் உழைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சோர்ந்து விழுவதைப் பார்த்து, ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல அறிஞர் 1974-இல் 'பர்ன் அவுட்' என்று அதற்குப் பெயர் வைத்து எழுதினார். பிறகு 45 வருஷம் கழித்து, 2019-இல், உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் அதைச் சேர்த்தது. 'கியூ டி 85' என்று எண்கூடக் கொடுத்தது. கொடுத்த கையோடு, இது நோய் அல்ல, வேலையிடத்தில் நிகழ்கிற ஒரு நிலை என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டது. ஜெனீவாவிலும் யாரோ நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு மூன்று அடையாளங்களையும் சொல்கிறார்கள். சக்தியெல்லாம் வற்றிப்போவது ஒன்று. வேலை மீதே ஒரு விலகலும் இளக்காரமும் வருவது இரண்டு. செய்கிற வேலை உருப்படியாக முடியாமல் போவது மூன்று. எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் முதலாவது ஒவ்வொரு மார்ச்சிலும் வரும். இரண்டாவது பத்து வருஷ சர்வீஸில் தானாக வரும். மூன்றாவது வந்தவரை மேனேஜராக்கிவிடுவார்கள்.

ஆனால் ஆபீஸைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிற்சி பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்த லீவு லெட்டரை எழுதாமல் தமிழ்நாட்டில் யாராவது ஏழாம் வகுப்பைத் தாண்டியிருக்கிறார்களா? நாம் ஆங்கிலத்தில் எழுதிய முதல் சிறுகதை அதுதான். அதில் காய்ச்சல் வரலாம், வயிற்று வலி வரலாம், அக்கா கல்யாணம் வரலாம். களைப்பு வரக் கூடாது. 'நேற்று மிகவும் களைத்துவிட்டேன், இன்று ஒருநாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க உத்தேசம்' என்று ஒரு பையன் உண்மையை எழுதிக் கொடுத்திருந்தால், அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள். அப்பாவும் களைத்துப் போய் வந்து நின்றிருப்பார்.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். களைப்பை ஆபீஸ்களே கண்டுபிடித்துவிட்டன. எங்கள் ஆபீஸில் போன வருஷம் 'மன அமைதி வாரம்' கொண்டாடினார்கள். மன அமைதிக்கான வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு. வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும். (காய்ச்சல் என்றுதான் எழுதினார்கள்.) கான்ஃபரன்ஸ் அறையில் ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பெடுக்க வந்த பெண் மிக மென்மையான குரலில், "கண்களை மூடுங்கள். தோள்களைத் தளர விடுங்கள். எந்தச் சிந்தனையும் வேண்டாம்" என்றார். கண்ணை மூடியதும் எனக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி பெரிய எழுத்தில் தெரிந்தது. எதிர் நாற்காலியில் ஜெனரல் மேனேஜர் தோள்களைத் தளர விட்டபடியே மேஜைக்கு அடியில் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த மெயில் எனக்குத்தான் என்பது என் பாக்கெட் அதிர்ந்தபோது தெரிந்தது. பத்தாவது நிமிஷத்தில் டெஸ்பாட்ச் பிரிவு அண்ணன் மெல்லக் குறட்டை விட ஆரம்பித்தார். வகுப்பின் நோக்கத்தைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அவரை எழுப்பிவிட்டு, விழிப்போடு ஓய்வெடுக்க வேண்டும் என்று விளக்கினார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரு ஆப் இறக்கித் தந்தார்கள். அது தினமும் நடந்த அடிகளையும் தூங்கிய மணியையும் எண்ணும். மாதக் கடைசியில் மதிப்பெண் பட்டியல் நோட்டீஸ் போர்டில் வரும். ஓய்வில் நான் கடைசி ரேங்க்.

உண்மையான ஓய்வை நான் பார்த்த இடம் பீச் – தாம்பரம் மின்சார ரயில். அந்தத் தடத்துக்கு 1931-இல் மின்சாரம் வந்தது. உட்கார இடம் வருவதுதான் பாக்கி. ஆனால் நம் ஜனங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்குவார்கள். டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கோடம்பாக்கம் வருவதற்குள் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்துவிடுகிற ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். பெயர் தெரியாது. பேசியதும் கிடையாது. தோள் கொடுப்பவர் பல்லாவரம் தாண்டியதும் லேசாக முழங்கையால் ஓர் இடி இடித்து, "சார், குரோம்பேட்டை" என்பார். இவர் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போவார். நன்றி, மன்னிப்பு எதுவும் கிடையாது. உடம்பு சரியில்லையா என்று அந்தப் பெட்டியில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

லேடீஸ் பெட்டி நிலவரம் வேறு என்கிறாள் மனைவி. அவள் பள்ளிக்கூட டீச்சர். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து விடைத்தாள் கட்டு வெளியே வரும். பக்கத்தில் ஒருவர் பூ கட்டுவார், எதிரில் ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். "நீங்கள்ளாம் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாம்னு ரயிலில் தூங்குறீங்க. நாங்க வீட்டுக்குப் போய் வேலை செய்யணும்னு ரயிலிலேயே பாதியை முடிக்கிறோம்" என்றாள். இதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஓய்வு என்பது கேட்டு வாங்க வேண்டிய பொருள் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்றது. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒருநாள் லீவு கட்டாயம் என்றது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா நிறைவேறி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்த பிறகு, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மே தினத்தையும் நாங்கள் ஆபீஸில்தான் கொண்டாடினோம், ஆடிட் இருந்தது.

உட்காருவதற்கும் சட்டம் வேண்டியிருந்தது என்பதை என் மகள் நம்பவே இல்லை. கேரளம் 2018-இல் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள இருக்கை தர வேண்டும் என்றது. அதுவரை துணிக்கடையில் உட்காரும் உரிமை வாங்குகிறவருக்கும் பொம்மைகளில் சிலவற்றுக்கும்தான் இருந்தது. அதற்கப்புறம் தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் தி.நகரில் ஒரு கடைக்குப் போனோம். அம்மாவுக்கு மெத்தை நாற்காலி, கையில் ரோஸ் மில்க். எதிரில் இருந்த பெண் நின்றபடியே புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலின் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி மாற்றி நின்றாள். "வேற கலர் இருக்கா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "இருக்கும்மா" என்று எம்பி எடுத்தாள். நான் கவுண்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். சட்டப்படி ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் மடித்த சேலைகள் உட்கார்ந்திருந்தன.

"ஏம்மா, அதை எடுத்துவிட்டு நீ உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"உட்காரலாம் சார். ஆனா உடம்பு சரியில்லையான்னு சூப்பர்வைசர் கேப்பாரு" என்றாள்.

சட்டம் போடுகிறவர்கள் ஸ்டூலைக் கணக்கில் வைத்தார்கள். இந்தக் கேள்வியை விட்டுவிட்டார்கள்.

2025 ஜனவரியில் ஒரு மாபெரும் கட்டுமானக் கம்பெனியின் தலைவர், வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்கிற மாதிரி பேசி, நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். செய்தியை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலேயே, "அவரு வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது. இங்கே டிவியைத்தான் பார்க்கிறாங்க" என்றாள்.

ஞாயிறு லீவு வானத்திலிருந்து விழவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளிகளைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகாண்டே வருஷக்கணக்காகப் போராடி, 1890-இல்தான் ஆலை முதலாளிகளிடமிருந்து அந்த ஒருநாளை வாங்கினார். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமையை நாம் பத்திரமாக வைத்திருந்து, பிள்ளை பிளஸ் டூ வந்ததும் நீட் கோச்சிங் சென்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். காலை எட்டிலிருந்து ஒன்றரை வரை டெஸ்ட். மற்ற நாளில் ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் இன்னொரு ஸ்பெஷல் கிளாஸ். எல்லாமே ஸ்பெஷல் என்றால் எது சாதா என்று மகள் கேட்கிறாள். பரீட்சைக்கு முன்னால் 'ஸ்டடி ஹாலிடே' என்று ஒன்று விடுகிறார்கள்.

மகளின் மேஜைக்கு மேலே பீரோவில் ஒரு டைம்டேபிள் ஒட்டியிருக்கிறது. அவளே நாலு கலர் ஸ்கெட்ச்சில் போட்டது. சிவப்பில் இயற்பியல், நீலத்தில் வேதியியல், கறுப்பில் உயிரியல். ராத்திரி 9.10 முதல் 9.25 வரை பச்சையில் ஒரு கட்டம்: 'ரிலாக்ஸ்'. ரீல்ஸில் யாரோ அக்கா சொன்னாராம், தன்னைத் தானே கவனித்துக்கொள்ள தினமும் கால் மணி ஒதுக்க வேண்டும் என்று. அந்த அக்காவின் வீட்டில் வாசனை மெழுகுவர்த்தி, வெள்ளரித் துண்டு, மல்லாந்து படுக்க வெள்ளை மெத்தை எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டில் வெள்ளரி கூட்டுக்குத்தான் வரும். அதோடு, இயற்பியல் தினமும் பச்சைக் கட்டத்துக்குள் புகுந்துவிடுகிறது. மற்ற மூன்று ஸ்கெட்ச்சும் முனை மழுங்கி மாவாகிவிட்டன. பச்சை மட்டும் கடையில் வாங்கியபடி இருக்கிறது.

விடிகாலை நாலரைக்கு அவளை எழுப்புவது பாட்டியின் பொறுப்பு. பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மண்டையில் ஏறும் என்பது எங்கள் குடும்ப விஞ்ஞானம். விளக்கெண்ணெய் விட்டுக்கொண்ட மாதிரி கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கப் பொறுக்காமல், ஒருநாள் நானும் விஞ்ஞானம் பேசினேன். இந்த வயசில் பிள்ளைகளுக்கு ராத்திரி தூக்கம் தாமதமாகத்தான் வரும், உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே அப்படி, எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, என்று அடுக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அமெரிக்காப் பிள்ளைங்க தூங்கட்டும்ப்பா. நம்ம பிள்ளை அங்க போகணும்னா இப்ப முழிச்சுத்தானே ஆகணும்."

மகளின் போனில் அலாரமாக எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதத்தை வைத்தவரும் பாட்டிதான். ஆண்டவனையே விடமாட்டோம் நாம். தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடினார். மாணிக்கவாசகர் சிவனுக்குப் பாடினார். சைவம், வைணவம் என்று எதில் வேற்றுமை இருந்தாலும், விடிந்தபின் தூங்க விடக் கூடாது என்பதில் இரண்டும் ஒன்று. ஆனால் ஒரு நியாயம் உண்டு. எழுப்புகிறவர்கள் தூங்கவும் வைத்தார்கள். மதுரையில் தினமும் ராத்திரி சொக்கநாதரைப் பல்லக்கில் கொண்டுபோய்ப் பள்ளியறையில் விட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள். "சாமிக்கு டைம்டேபிளில் பச்சைக் கட்டம் இருக்குப்பா" என்றாள் மகள். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் படுத்தே இருக்கிறார். அவருக்கு உடம்புக்கு என்ன என்று எந்தப் பக்தரும் கேட்டதாக வரலாறு இல்லை.

கேட்ட இடம் ஒன்று உண்டு. அதுவும் அம்மாவின் ஊர்தான். கும்பகோணம் சார்ங்கபாணி கோயிலில் பெருமாள் முழுக்கப் படுக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. தலையை லேசாகத் தூக்கிய நிலை. உத்தான சயனம் என்பார்கள். திருமழிசையாழ்வார் வந்து, நடந்த கால்கள் நொந்ததாலா இப்படிப் படுத்திருக்கிறாய், எழுந்து பேசு என்றாராம். பெருமாளும் எழுந்திருக்கப் பார்த்தார். ஆழ்வார் பதறி, அப்படியே இரு என்று வாழ்த்த, பாதி எழுந்த அந்தக் கோலத்திலேயே நின்றுவிட்டார் என்பது கதை. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார். எனக்கும் கலங்கும், காரணம் வேறு. என் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் அந்தக் கோலத்தில்தான் போகிறது. தலையணையில் தலை படும்போது கீழ்வீட்டுக்காரர் மோட்டார் போட்டாச்சா என்பார். மறுபடி சாய்ந்தால் மேனேஜர் ஒரே ஒரு ஃபைல் என்பார். மறுபடி சாய்ந்தால் கூரியர். என்ன, அப்படியே இரு என்று வாழ்த்துவதற்கு ஆழ்வார் யாரும் வருவதில்லை.

அப்போதுதான் மகள் அந்த யோசனையைச் சொன்னாள். கோயிலில் மத்தியானம் நடை சாத்துகிறார்கள். பன்னிரண்டரைக்குப் போனால், மந்திரியே வந்தாலும், நாலு மணிக்கு வாங்க என்கிறார்கள். யாரும் சண்டை போடுவதில்லை. குளக்கரையில் துண்டை விரித்துப் படுத்துக் காத்திருக்கிறார்கள். "நீயும் நடை சாத்திடுப்பா." அந்தப் பச்சை ஸ்கெட்ச்சை எடுத்து, அட்டையில் பெரிதாக எழுதி, படுக்கையறைக் கதவில் மாட்டினாள்: நடை சாத்தப்பட்டுள்ளது. மீண்டும் மாலை 4 மணி.

ஆச்சரியம், வேலை செய்தது. கதவு வரை வந்த அம்மா போர்டைப் படித்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகத் திரும்பிப் போனார். கோயில் பாஷையில் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. நான் நாலு மணி வரை மல்லாந்து கிடந்தேன். எழுந்து வந்து, ஓய்வின் பெருமையைப் பற்றி மனைவியிடம் சற்று விரிவாகவே பேசினேன். அவள் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நடை சாத்தின நேரத்துல மடப்பள்ளியில யார் இருந்தாங்கன்னு தெரியுமா?"

அடுத்த ஞாயிறு இரண்டு போர்டு தொங்கியது. ஒன்று படுக்கையறையில். ஆனால் உள்ளே சயனித்திருந்தது அவள். இன்னொன்று சமையலறைக் கதவில்: மடப்பள்ளிக்கும் பொருந்தும். பூட்டு வேறு. அம்மா இரண்டையும் படித்தார். எதிர்ப்பு வரும் என்று பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு. இது தெரிஞ்சிருந்தா அறுபது வருஷத்துக்கு முன்னாடியே நானும் மாட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் டெஸ்டிலிருந்து வந்து, சாப்பிட்டுத் தூங்கியே போனாள்.

இரண்டரை மணிக்கு அழைப்பு மணி. வாசலில் முதுகை மறைக்கும் பெரிய பையோடு ஒரு பையன். மகள் ஆர்டர் செய்திருந்த, தூங்கும்போது கண்ணை மறைக்கிற பட்டை வந்திருக்கிறது. மூன்று மாடி ஏறியதில் பேச்சு வராமல் கையால் ஓடிபி கேட்டான். ஓடிபி மனைவியின் போனுக்குத்தான் வரும். போன் சந்நிதிக்குள் இருந்தது.

"நடை சாத்தியாச்சு தம்பி. நாலு மணிக்குத்தான் திறக்கும்."

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கதவில் தொங்கிய போர்டை என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். போனில் ஏதோ தட்டினான். "கஸ்டமர் ஓடிபி தரலைன்னு போட்டிருக்கேன் சார். ஆப் அஞ்சு நிமிஷம் வெயிட் பண்ணச் சொல்லும்" என்று சொல்லிப் பையைக் கழற்றிவிட்டு, மாடிப்படியில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி மட்டும் கொடுங்க சார்."

தண்ணீர் கேன் மடப்பள்ளிக்குள் இருந்தது.